கதாபாத்திரப் பெயர்கள் ஆங்கிலத்தில் பெயரடையாகும்போது: 12 சொற்களும் 20 கொண்டை ஊசி வளைவுகளும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். கதாபாத்திரங்களின் பெயரிலிருந்து வந்த பெயரடைகள் என்று பலகையில் 12 சொற்களை எழுதிப் போட்டீர்கள்: குவிக்ஸாட்டிக், பிக்விக்கியன், பாங்ளாஸியன், கார்கான்சுவன், ஃபௌஸ்டியன், ஹெர்க்யூலியன், லில்லிப்யூஷன், யூட்டோப்பியன், காஃப்காஎஸ்க், ஆர்வெல்லியன், மாக்கியவெல்லியன், டிரகோனியன். பட்டியல் சரியா, எதைப் பெரிய எழுத்தில் தொடங்குவது, தமிழில் எப்படிச் சொல்வது, 'சகுனியன்' என்று பிள்ளைகளே ஒரு சொல் செய்தால் செல்லுமா என்பவை உங்கள் கேள்விகள். போகிற போக்கில் ஒரு மாணவியின் வாக்கியத்தையும் கேட்டிருக்கிறீர்கள்: "ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் என் அண்ணன் சைக்கிளில் ஏறி முடித்தது ஒரு குவிக்ஸாட்டிக் முயற்சி." இதற்கு மதிப்பெண் போடுவதா, வேண்டாமா? என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி இதுதான். பட்டியலை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம். ஒரு பெயர் சொல்லாக மாறும்போது அந்த ஆளின் எந்தக் குணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று தெரியாவிட்டால் வாக்கியம் காலை வாரிவிடும்.

பட்டியலைச் சலித்துவிடுவோம். 12இல் கேள்விக்கிடமில்லாமல் கதாபாத்திரத்தின் பெயரால் வந்தவை முதல் நான்குதான். ஃபௌஸ்டியனை அரைக்கால் உள்ளே வைக்கலாம். காரணம் பிறகு சொல்கிறேன். ஹெர்க்யூலியன் கிரேக்கப் புராணம். புராணத்தைக் கதை என்று எண்ணுவதா என்பது உங்கள் வகுப்பின் முடிவு. நான் தனிக் கூடையில்தான் போடுவேன். லில்லிப்யூஷன், யூட்டோப்பியன் இரண்டும் கற்பனை ஊர்களின் பெயர். ஆட்களின் பெயர் அல்ல. காஃப்காஎஸ்க் (காரணமே தெரியாத அதிகாரச் சிக்கலில் மாட்டிக்கொண்ட நிலை), ஆர்வெல்லியன் இரண்டும் எழுத்தாளர்களின் பெயர். மாக்கியவெல்லி, டிரகோ இருவரும் ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர்கள்: ஒருவர் 1527இல் இறந்த, சூழ்ச்சிக்குப் பேர்போன ஃபிளாரன்ஸ் அரசியல்காரர், மற்றவர் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்கு மிகக் கடுமையான சட்டம் எழுதியவர். ஆக, பலகையை அழிக்க வேண்டாம். யாருடைய பெயர் என்று கேட்டு ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பாதி விளக்கம் அதிலேயே கிடைத்துவிடும்.

இப்போது குவிக்ஸாட்டிக். செர்வான்டிஸ் எழுதிய 'டான் குவிக்ஸாட்' என்ற ஸ்பானிய நாவலின் முதல் பாகம் 1605இலும் இரண்டாம் பாகம் 1615இலும் வந்தன. வீர சாகசக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒரு நடுவயதுக்காரர், தன்னை ஒரு மாவீரனாக நினைத்துக்கொண்டு, துரும்பாய் இளைத்த குதிரையில் ஏறி, உலகத்து அநியாயங்களை ஒழிக்கக் கிளம்புகிறார். முதல் பாகத்தின் 8ஆம் அத்தியாயத்தில் வயல்வெளியில் நிற்கும் முப்பது நாற்பது காற்றாலைகளை ராட்சசர்கள் என்று எண்ணி ஈட்டியோடு பாய்கிறார். இறக்கை சுழன்று ஈட்டி முறிந்து, குதிரையும் அவருமாக உருண்டு விழுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பெயர் பெயரடையானது 18ஆம் நூற்றாண்டில். அந்தச் சொல்லுக்குள் மூன்று சரக்கு இருக்கின்றன, மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். நோக்கம் உயர்ந்ததாக இருக்க வேண்டும். அது நடக்காத காரியமாக இருக்க வேண்டும். நடக்காது என்பது செய்கிறவர் கண்ணுக்குத் தெரியாமலிருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் அவர் அதைப் பொருட்படுத்தாமலிருக்க வேண்டும். சுயநலத்துக்காக நடக்காத திட்டம் போடுகிறவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவன் வெறும் முட்டாள். பாராட்டும் கேலியும் சரிக்குச் சரி கலந்த சொல் இது. ஒரு பாதியை எடுத்துவிட்டால் சொல் செத்துவிடும்.

அந்த மாணவியின் வாக்கியத்துக்கு வருவோம். மலைப்பாதையைச் சைக்கிளில் ஏறுவது கஷ்டம்தான், ஆனால் நடக்கிற காரியம். பயிற்சி உள்ளவர்கள் ஏறுகிறார்கள். அந்த அண்ணனும் ஏறி முடித்துவிட்டான் என்று அவளே எழுதியிருக்கிறாள். முடித்துவிட்ட பிறகு அது எப்படி நடக்காத காரியமாகும்? அந்த இடத்துக்கு வேண்டியது ஹெர்க்யூலியன். ஹெர்க்யூலிஸ் செய்து முடித்தவை 12 அருஞ்செயல்கள். உடல் பலமும் ஆளை முறிக்கிற உழைப்பும் அந்தச் சொல்லில் ஏறியிருக்கின்றன. அதே பாதையில் வேறொரு காட்சியை வைத்துப் பாருங்கள். ஒருவர் ஞாயிறு தவறாமல் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு முதல் வளைவிலிருந்து இருபதாவது வளைவு வரை சுற்றுலாக்காரர்கள் எறிந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறார். அடுத்த ஞாயிறு வருவதற்குள் பாதை பழையபடி நிறைந்துவிடுகிறது. வேலையைப் பார்த்தால் அது ஸிஸிஃபியன். உச்சிக்கு உருட்டிய பாறை ஒவ்வொரு முறையும் அடிவாரத்துக்கே உருண்டு வருகிற, முடிவில்லாத தண்டனை பெற்ற ஸிஸிஃபஸின் பெயர் அது. ஆனால் அந்த மனிதரின் மனத்தைப் பார்த்தால், இன்னும் ஒரே வருஷத்தில் சேர்வராயன் மலை முழுக்கப் பிளாஸ்டிக் இல்லாமல் போய்விடும், தான் ஒருவனே அதற்குப் போதும் என்று நம்பிக்கொண்டு பொறுக்குகிறார் என்றால், அதுதான் குவிக்ஸாட்டிக். பாதை ஒன்று, வளைவு இருபதும் அதே வளைவு, சொல் மட்டும் மூன்று. வகுப்பில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அகராதியில் அரைப்பக்கம் படிப்பதைவிட நன்றாகப் பதியும். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, ஐந்துக்கு மூன்று போடுவேன்: இலக்கணம் சரி, சொல்லின் இடம் தவறு, துணிச்சலுக்கு ஒன்று.

பாங்ளாஸியன் என்ற சொல்லில்தான் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் வழுக்குவார்கள், நம்மிடம் அதற்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருப்பதால். வோல்ட்டேர் 1759இல் வெளியிட்ட கான்டீட் என்ற குறுநாவலில் பாங்ளாஸ் ஒரு தத்துவ வாத்தியார். பெயரே கிண்டல்தான்: கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'கிளாஸா' என்றால் நாக்கு; ஆளே நாக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் இதுவே மிகச் சிறந்தது, இங்கே நடப்பதெல்லாம் நல்லதற்கே என்பது அவர் பாடம். 1755இல் லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. கதையில் அந்த இடிபாட்டுக்கு நடுவில் நின்றுகொண்டும் அவர் அதையே சொல்கிறார். இதை 'எல்லாம் நன்மைக்கே என்கிற' என்று மொழிபெயர்த்தால் சொல் சரி, சுருதி போய்விட்டது. ராஜாவின் விரல் துண்டானபோது "எல்லாம் நன்மைக்கே" என்ற மந்திரி நம் ஊர்க் கதையில் கடைசியில் ஜெயிக்கிறான். விரல் குறைந்ததால்தான் ராஜாவைக் காட்டுவாசிகள் பலி கொடுக்காமல் விடுகிறார்கள். வோல்ட்டேர் கதையில் அந்த மந்திரி ஜெயிப்பதே இல்லை. ஆகவே தமிழில் கேலியைக் கையால் எடுத்து வைக்க வேண்டும்: 'வீடே இடிந்து விழுந்தாலும் எல்லாம் நன்மைக்கே என்று சாதிக்கிற'. மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, "நிலத்தடி நீர் ஏறும், விடுங்க" என்று ஒருவர் சொன்னால் அது அசல் பாங்ளாஸியன் பதில். உயிரியலிலும் இந்தச் சொல் புழங்குகிறது. ஸ்டீஃபன் ஜே கோல்டும் ரிச்சர்ட் லெவொன்டினும் 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில், உயிர்களின் ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு பயனுக்காகவே உருவானது என்று சாதிக்கும் போக்குக்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

இதற்குக் கூடப்பிறந்ததுபோல் தெரிகிற இன்னொன்று பாலியானாயிஷ். 1913இல் வந்த ஓர் அமெரிக்கச் சிறுவர் நாவலின் நாயகி பாலியானா, எது நடந்தாலும் அதில் சந்தோஷப்பட ஒன்றைத் தேடிப் பிடிக்கிற விளையாட்டு ஆடுவாள். பாங்ளாஸுக்கு அது கொள்கை. பாலியானாவுக்கு அது சுபாவம். நியாயம் பேசி மறுக்கிறவரை முதல் சொல்லாலும், சிரித்து மழுப்புகிறவரை இரண்டாவதாலும் சுட்டுங்கள்.

பிக்விக்கியன் வேறு வகையான பொறி. டிக்கன்ஸ் 1836–37இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, கிளப் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பிக்விக்கைப் பார்த்து ஆள் ஒரு புரட்டு என்கிற மாதிரி ஒரு சொல்லை விட்டுவிடுகிறார். தகராறு முற்றுகிறது. சாதாரண அர்த்தத்தில் சொன்னாரா என்று தலைவர் கேட்க, இல்லை, பிக்விக்கிய அர்த்தத்தில்தான் சொன்னேன் என்கிறார். எல்லோரும் சமாதானமாகிவிடுகிறார்கள். 'பிக்விக்கிய அர்த்தம்' என்றால் சொல்லை அதன் நேரான பொருளில் எடுத்துக்கொள்ளாதே, மனசில் வைத்துக்கொள்ளாதே என்பது. நம் சட்டசபைகளில் அவைக்குறிப்பிலிருந்து நீக்குவார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். இந்தப் பயன்பாட்டில் பிக்விக்கின் குணம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்றபடி வெறுமனே பிக்விக்கியன் என்றால் வெள்ளந்தியான, தாராள மனசுக்காரர் என்று பொருள். மூன்றாவது பயன்பாடு மருத்துவத்தில். அதிகப் பருமனால் சுவாசம் குறைந்து பகலெல்லாம் தூங்கி வழிகிற நோய்க்கு 1956இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை பிக்விக்கியன் என்று பெயர் வைத்தது. ஆனால் நாவலில் நின்றபடியே தூங்குகிற குண்டுப் பையன் ஜோ; பிக்விக் அல்ல. புத்தகத்தின் தலைப்பிலிருந்த பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது, பாவம் பிக்விக். மருத்துவர்கள் இப்போது பெரும்பாலும் பருமனையும் குறைசுவாசத்தையும் நேராகச் சொல்கிற பெயரையே எழுதுகிறார்கள்.

கார்கான்சுவன் ஒன்றுக்குத்தான் தமிழில் அச்சு அசலான ஜோடி இருக்கிறது. ரபலே என்ற பிரெஞ்சுக்காரர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய கதைகளின் ராட்சசன் கார்கான்சுவா. அவன் பெருமை உருவத்தில் மட்டும் இல்லை, வயிற்றில் இருக்கிறது. ரபலே அந்தப் பெயரை அந்தரத்திலிருந்து பிடிக்கவில்லை. அவருக்கு முன்பே பிரான்சில் மலிவுப் பதிப்பாக விற்ற ராட்சசக் கதையில் அது இருந்தது. நாம் 'பகாசுர நிறுவனம்', 'பகாசுரப் பசி' என்று எழுதுகிறோமே, அதே நடை. பகாசுரனும் நாளுக்கு ஒரு வண்டிச் சோறு தின்றவன். பத்திரிகைக்காரர்கள் பெரிய கம்பெனிகளைப் பகாசுரன் என்று எழுதும்போது அளவும் தீனியும் சேர்ந்தே வருகின்றன. இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கும்போது 'பிரம்மாண்டமான' என்று பொத்தாம்பொதுவாக மொழிபெயர்ப்பது சோம்பேறித்தனம்.

ஃபௌஸ்டியனை ஏன் அரைக்கால் என்றேன்? ஃபௌஸ்ட் என்ற பெயரில் ஜெர்மனியில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் சுற்றிய ஒரு மந்திரவாதி, ஜோதிடர் உண்மையாகவே இருந்தார். அவரைச் சுற்றிக் கதைகள் கட்டப்பட்டு 1587இல் ஜெர்மன் மொழியில் அச்சேறின. பிறகு மார்லோ நாடகமாக்கினார், கதே இரண்டு பாகக் கவிதை நாடகமாக்கினார். பிசாசுக்கு ஆன்மாவை எழுதிக் கொடுத்து, மார்லோ நாடகத்தில் 24 வருஷத்துக்கு, வேண்டியதெல்லாம் பெற்றுக்கொள்கிற ஃபௌஸ்ட் கதையில் பிறந்தவன்தான். இந்தப் பெயரடை தனியாக வருவதைவிட 'பேரம்' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் அதிகம் வரும். தமிழில் இதற்குக் 'கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது' என்ற பழமொழியைவிட நெருக்கமானது எனக்குத் தென்படவில்லை. பிசாசு இல்லை, ஆனால் எதை இழந்து எதை வாங்கினோம் என்கிற கோணல் அப்படியே இருக்கிறது.

புராணக் கூடையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டென்டோரியன்: இலியட் காவியத்தில் 50 பேர் சேர்ந்து கத்துகிற அளவு ஒற்றைக் குரலில் கத்துகிற ஸ்டென்டர். சேலம் பழைய பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றுகிற குரலைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். வேறு உதாரணம் வேண்டாம். புரொக்ரஸ்டியன்: வழிப்போக்கர்களைத் தன் கட்டிலில் படுக்கவைத்து, நீளம் அதிகமென்றால் காலை வெட்டியும், குறைவென்றால் இழுத்து நீட்டியும் கட்டிலுக்குச் சரிசெய்த கொள்ளைக்காரன். ஆளுக்கு ஏற்ற விதி இல்லாமல் விதிக்கு ஏற்றபடி ஆளை வெட்டுகிற எந்த ஏற்பாட்டுக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

ஊர்ப் பெயர்களை வேகமாகத் தாண்டிவிடலாம். ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கதையின் லில்லிபுட் தேசத்தார் ஆறு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. நம் அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்க்கும்போது வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் அந்த அடைமொழி தானாக வந்து விழும். யூட்டோப்பியா தாமஸ் மோர் 1516இல் கற்பனையில் உண்டாக்கிய லட்சியத் தீவு. கிரேக்க வேரின்படி 'இல்லாத ஊர்'. இந்த வரிசையில் நம் ஆட்களுக்குப் பிடித்தது ஸெரண்டிபிட்டஸ், அதாவது தேடாமலே அதிர்ஷ்டவசமாகக் கிடைத்த. ஸெரண்டிப் என்பது இலங்கைக்கு அரபு, பாரசீக மொழிகளில் வழங்கிய பழைய பெயர். அந்தத் தேசத்து மூன்று இளவரசர்களின் கதையை வைத்து ஹொரேஸ் வால்போல் 1754இல் ஒரு கடிதத்தில் மூலச் சொல்லை உண்டாக்கினார். ஸெரண்டிப் என்பது 'சேரன் தீவு' என்று பகிரப்படுவதை வகுப்பில் சொல்ல வேண்டாம். சிங்களத் தீவைக் குறிக்கும் வடமொழிப் பெயரிலிருந்து வந்ததாகத்தான் ஆங்கில அகராதிகள் காட்டுகின்றன.

எழுத்தாளர் பெயர்களில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்வெல்லியன் ஆட்சி என்றால் ஆர்வெல் விரும்பிய ஆட்சி அல்ல, அவர் பயந்து எச்சரித்த, மக்களை ஓயாமல் வேவு பார்க்கிற ஆட்சி. மாணவர்கள் தேர்வில் இதைத் தலைகீழாக எழுதுவது சகஜம். ஒரு வேடிக்கையும் உண்டு: ஆர்வெல் என்பதே புனைபெயர், ஆளின் இயற்பெயர் எரிக் பிளேர். கண்டிப்பாகக் கணக்குப் போட்டால் அதுவும் கற்பித்த பெயர்தான். ஆனாலும் கதாபாத்திரக் கட்டத்துக்கு மாற்றிவிடாதீர்கள்.

உறுதியானவை இவை. சந்தேகத்தில் நிற்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஷோவினிஸ்டிக், அதாவது கண்மூடித்தனமான தேசவெறி பிடித்த. நெப்போலியன் மீது கண்மூடித்தனமான பக்தி கொண்ட நிக்கொலா ஷோவான் என்ற படைவீரனின் பெயரிலிருந்து வந்தது என்று பல புத்தகங்களில் இருக்கும். அப்படி ஒரு வீரன் வாழ்ந்ததற்கு நம்பகமான ஆவணம் இல்லை என்றும், நாடகங்களும் பாட்டுகளும் சேர்ந்து உருவாக்கிய ஆள் என்றும் பின்னால் ஆராய்ந்தவர்கள் வாதிட்டார்கள். 1831இல் பாரிஸில் மேடையேறிய ஒரு நாடகத்தில் ஷோவான் பாத்திரம் இருப்பது மட்டும் உறுதி. அவர்கள் சொல்வதை ஏற்றால் இந்தச் சொல் உங்கள் பட்டியலுக்குள் வரும்; பழைய கதையை ஏற்றால் வராது. நான் முதல் பக்கம் சாய்கிறேன், ஆனால் தேர்வுக் கேள்வியாக வைக்க மாட்டேன். இதற்கு நேர்மாறாக, பலருக்கும் தெரியாத ஆனால் உறுதியான ஒன்று ஸிஃபிலிட்டிக். மேகநோய்க்கு அந்தப் பெயர் வந்தது, ஃபிராகஸ்டோரோ என்ற இத்தாலிய மருத்துவர் 1530இல் வெளியிட்ட லத்தீன் கவிதையில் வரும் ஸிஃபிலஸ் என்ற ஆட்டு இடையனிடமிருந்து. சூரியதேவனை அவமதித்ததற்காக அவனுக்கு அந்த நோய் வருகிறது. பிளஸ் டூ வகுப்புக்கு இது வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி எழுத்தும் உச்சரிப்பும். பெயரோடு ஒட்டுவன பெரும்பாலும் நான்கு: 'இக்', 'இயன்', 'எஸ்க்', 'இஷ்'. 'இயன்' மரியாதையான ஒட்டு. 'எஸ்க்' பாணியைச் சுட்டும். 'இஷ்' செல்லமாகவோ இளக்காரமாகவோ ஒலிக்கும். டிக்கன்ஸின் மிக்காபர் என்ற பாத்திரத்துக்கு 'இஷ்' சேர்ந்து மிக்காபரிஷ் ஆனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கடன் கழுத்தை நெரித்தாலும் ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு 'இயன்' கொஞ்சம் அதிகப்படி. உச்சரிப்பில் ஒரு விதி முக்கால்வாசி இடங்களில் காப்பாற்றும்: 'இக்', 'இயன்' சேர்ந்தால் அழுத்தம் ஒட்டுக்கு நேர் முந்தைய அசைக்குத் தாவும். குவிக்-ஸாட்-டிக்கில் 'ஸாட்', ஷேக்ஸ்பியர் பாத்திரம் ஒன்றின் பெயரால் வந்த ஃபால்ஸ்டாஃபியனில் 'ஸ்டாஃப்', பாங்ளாஸியனில் 'ளாஸ்'. பெயரில் இருந்த அழுத்தத்தை அங்கேயே விட்டுவைப்பதுதான் நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தவறு. விலக்கும் உண்டு: ஹெர்க்யூலியனை 'க்யூ' அழுத்தியும் 'லீ' அழுத்தியும் சொல்கிறார்கள், இரண்டும் சரி.

குவிக்ஸாட்டிக்கில் 'க்ஸ்' என்று ஒலித்துவிட்டு, நாவலின் நாயகனைக் 'கிஹோத்தே' என்று சொல்ல வேண்டியிருப்பது பிள்ளைகளுக்கு விசித்திரமாக இருக்கும். செர்வான்டிஸ் காலத்து ஸ்பானிய மொழியில் அந்த எக்ஸ் எழுத்துக்கு 'ஷ்' ஒலி. பின்னால் அது தொண்டையிலிருந்து வரும் 'ஹ்' ஆகிவிட்டது. ஆங்கிலேயர்கள் எழுத்தைப் பார்த்துத் தங்கள் பாணியில் படித்தார்கள், அந்தப் படிப்பே பெயரடையில் உறைந்துவிட்டது. எழுத்து ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கம் போவது சேர்வராயன் மலைக்காரர்களுக்குப் புதிதா என்ன? சேர்வராயனை ஷெவராய் ஆக்கியவர்கள்தானே அந்த ஆங்கிலேயர்கள். 1820களில் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி கொண்டுவந்த சேலம் கலெக்டரின் பெயரை எழுத்துக் கூட்டினால் காக்பர்ன் என்று வரும், உச்சரிப்பு கோபர்ன்.

பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதற்குச் சோதனை இது: படிக்கிறவருக்குப் பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆள் ஞாபகம் வராமலே பொருள் புரிகிறதா? புரிந்தால் சின்ன எழுத்து. குவிக்ஸாட்டிக், கார்கான்சுவன், டிரகோனியன் சின்ன எழுத்தில் தொடங்கும். பிக்விக்கியன், பாங்ளாஸியன், ஃபௌஸ்டியன், ஃபால்ஸ்டாஃபியன் பெரிய எழுத்து. ஹெர்க்யூலியன், லில்லிப்யூஷன் இரண்டிலும் அகராதிக்கு அகராதி மாறும். ஏதாவது ஓர் அகராதியை வகுப்புக்கென்று வைத்துக்கொண்டு அதன்படி போங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் மட்டும் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

பட்டியலை நீட்ட வேண்டுமானால் ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃபியனையும் (தொப்பை, குடி, வாய்ச்சவடால், கூடவே கலகலப்பு) டிக்கன்ஸின் பெக்ஸ்னிஃபியனையும் (ஊருக்கு உபதேசம் செய்கிற வேஷக்காரர்) கிராட்கிரைண்டியனையும் சேருங்கள். கிராட்கிரைண்ட் 1854இல் வந்த நாவலில், வகுப்பறையில் தகவல் தவிர வேறெதற்கும் இடமில்லை என்கிற பள்ளிக்காரர்; மனப்பாடத்தில் மூழ்கியிருக்கிற பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்தாமல் விடக்கூடாது. சேர்க்கக் கூடாதவை ஸ்குரூஜ் (கஞ்சன்), ரோமியோ, லொத்தாரியோ (பெண்பித்தன்). இவை ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாகவே நின்றுவிட்டன. 'அவன் ஒரு ஸ்குரூஜ்' என்பார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயரிலும் கவனம் வேண்டும்: 1818இல் வந்த நாவலில் அது பூதத்தின் பெயர் அல்ல, பூதத்தைச் செய்தவரின் பெயர். ஆனால் பேச்சு வழக்கு பூதத்தின் மேலேயே ஏற்றிவிட்டது, இனி இறக்க முடியாது.

தமிழில் சொல்வது பற்றி. 'டான் குவிக்ஸாட்தனமான' என்று எழுதாதீர்கள். மூலம் தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. தமிழில் பெயரைப் பெயரடையாக்க ஒட்டு எதுவும் வேண்டியதில்லை. பெயரை அடுத்த சொல்லுக்கு முன்னால் நிறுத்தினாலே 'போன்ற' என்பது மறைந்து நின்று வேலை செய்யும். 'அன்', 'அர்' விகுதி இருந்தால் பெரும்பாலும் உதிரும்: கும்பகர்ணத் தூக்கம், பகீரதப் பிரயத்தனம், பீஷ்ம சபதம். இகரத்தில் முடிந்தால் அப்படியே நிற்கும்: சகுனி வேலை, கூனி வேலை. ஒரே ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் உதறிவிடுவதில் தமிழும் ஆங்கிலத்துக்குச் சளைத்ததல்ல. கம்பன் காட்டுகிற கும்பகர்ணன் அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காகப் போய்ச் சாகிறவன். ஆனால் வழக்கில் நமக்கு மிஞ்சியது குறட்டை. ஹெர்க்யூலியனுக்குப் 'பகீரதப் பிரயத்தனம்' என்று போடுவது வழக்கம், போடலாம். பகீரதன் தவத்தால் சாதித்தவன், ஹெர்க்யூலிஸ் தோள்பலத்தால் சாதித்தவன் என்ற வித்தியாசம் மூட்டை தூக்குகிற இடத்தில் இடறும், அவ்வளவுதான். ஸிஸிஃபியனுக்கு 'வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது' பாதி பொருந்தும். விக்கிரமாதித்தனுக்குக் கடைசியில் விடிவு உண்டு, ஸிஸிஃபஸுக்கு இல்லை. குவிக்ஸாட்டிக்குக்கு நம் இதிகாசங்களில் ஆள் கிடைப்பதில்லை. 'நடக்காத லட்சியத்தின் பின்னால் ஓடுகிற' என்று விரித்துத்தான் எழுத வேண்டும். இந்தத் தமிழாக்கங்கள் என் தேர்வு. இன்னொருவர் வேறு மாதிரி போட்டால் தவறு என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாகச் 'சகுனியன்'. ஆங்கிலத்தின் சொல்லாக்க விதிப்படி அதில் பிழையில்லை. எந்தப் பெயரோடும் 'இயன்' சேரும். கேள்வி, படிக்கிறவருக்குச் சகுனியைத் தெரியுமா என்பதுதான். பள்ளி ஆண்டு மலரில் எழுதினால் செல்லும், தேர்வுத் தாளில் வேண்டாம். எழுதுகிற இடத்தில் எஸ் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். பெயரின் கடைசி 'ஐ' எழுத்தும் ஒட்டின் முதல் 'ஐ' எழுத்தும் ஒன்றாகிவிடும், இரண்டு தடவை எழுதக் கூடாது. வாக்கியத்திலேயே ஒரு துப்பும் இருக்கட்டும்: பகடை, மருமகன், காதில் ஓதுவது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் மகாபாரதம் படிக்காதவருக்கும் பொருள் எட்டிவிடும்.